இது பால் கணக்கு இல்லீங்க... பாவக் கணக்கு!

இராயப்பன்பட்டியில் என் அம்மாச்சி வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தால் இடது பக்கச் சுவரில், உப்புச் சாடிக்கு நேர் மேலே, வரிசை வரிசையாகச் சுண்ணாம்புப் புள்ளிகள் இருக்கும். வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்பு. ஆள்காட்டி விரலால் தொட்டு வைத்த புள்ளி.

எங்கள் பக்கத்து வீடுகளில் பால்காரம்மா சுவரில் கோடு போட்டுவிட்டுப் போவார். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்துக் காசு. அதனால் அம்மாச்சி வீட்டுப் புள்ளியும் பால் கணக்குதான் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு சந்தேகம்தான். சில நாள் இரண்டு புள்ளி, சில நாள் பதினொன்று. பதினொரு உழக்குப் பாலை இந்த வீட்டில் யார் குடித்தார்கள்?

ஏழு வயசில் கேட்டுவிட்டேன்.

"அம்மாச்சி, நேத்து எவ்வளவு பால் வாங்குன?"

"பால் இல்லடா ராசா... பாவம்!"

அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். அதற்கு மேல் விளக்கம் இல்லை. விளக்கம் அத்தையிடமிருந்து வந்தது. அத்தை என்றால் மாமாவின் மனைவி, அம்மாச்சியின் மருமகள். "எல்லாம் என்னை வையற கணக்குடா. ஒரு தரம் வஞ்சா ஒரு புள்ளி. நேத்து ஒம்போது வரணும். கெழவி ஏழுதான் வச்சிருக்கு!"

நான் பின்னாளில் பி.காம். படித்தபோது 'வெளித் தணிக்கை' என்ற பாடம் எனக்குச் சுலபமாகப் புரிந்ததற்கு அத்தைதான் காரணம்.

கம்பம் பஸ் ஸ்டாண்டிலிருந்து காமயகவுண்டன்பட்டி வழியாகப் போனால், இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல் முடிகிற மாதிரி இருக்கும், முடியாது. அப்படியே சண்முகாநதி அணைப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிறது இராயப்பன்பட்டி. பேரே ஊரின் கதையைச் சொல்லிவிடும். இராயப்பர் என்பது பேதுருவுக்குப் பழைய தமிழ்க் கத்தோலிக்கர்கள் வைத்த பெயர். பவுலுக்குச் சின்னப்பர், யோவானுக்கு அருளப்பர், யோசேப்புக்குச் சூசையப்பர். இன்றைக்கும் எங்கள் ஊரில் "சின்னப்பா" என்று கூப்பிட்டால் உறவுக்காரர் திரும்புகிறாரா, பெயர்க்காரர் திரும்புகிறாரா என்று சொல்ல முடியாது. கோயில், பனிமய மாதா கோயில். பனியே பார்க்காத பள்ளத்தாக்கில் பனிமய மாதா! ஆகஸ்ட் 5 திருநாள்.

வேடிக்கை அதோடு முடியவில்லை. கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில் அனுமந்தன்பட்டி என்று ஒரு ஊர். பேர் ஆஞ்சநேயருடையது. அங்கே உள்ள பெரிய கிறிஸ்தவக் கோயில் தூய ஆவியானவருக்கு. இதில் யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. பஸ் கண்டக்டர் "அனுமந்தன்பட்டி எறங்கு" என்றால் ஜெபமாலையும் கையுமாக இறங்குகிறார்கள்.

இந்த ஊர்களில் பக்தி என்பது ஞாயிற்றுக்கிழமைச் சட்டை இல்லை. அன்றாடம் செய்கிற வேலை. காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, சாயங்காலம் ஆறு என்று மூன்று வேளை மணி அடிக்கும். மூவேளை செபம். கேட்டவுடன் அம்மாச்சி இருந்த இடத்தில் நிற்பாள். கையில் கரண்டி இருந்தாலும் சரி, மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தாலும் சரி. பாதி வசவில் மணி அடித்து, செபம் முடித்து, மீதி வசவைத் தொடர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். (அதற்கு ஒரு புள்ளியா, இரண்டா என்று வீட்டில் விவாதம் நடந்தது.) பந்தலில் வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள்; அவர்களுக்கும் அந்த மதிய மணிதான் கஞ்சி நேரம்.

சாயங்காலம் ஐம்பத்து மூன்று மணி ஜெபம். ஜெபமாலைக்குப் பழைய பெயர் அதுதான். அதில் வருகிற அருள் நிறைந்த மரியே மணிகள் ஐம்பத்து மூன்று. சின்ன வயசில் எங்களுக்கு நாற்பதாவது மணியில் தூக்கம் வரும். தவக்காலம் வந்தால் நாற்பது நாளும் கவிச்சி கிடையாது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை, பதினான்கு ஸ்தலம், பதினான்கு தடவை முழங்கால். அப்புறம் பிடியரிசி. உலையில் போட அரிசி அளந்த பிறகு, அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாள் அம்மாச்சி. மாதம் முடிந்தால் அது கோயிலுக்கு, அங்கிருந்து இல்லாதவர்களுக்கு. ஒரு பிடி அரிசி என்று சிரிக்காதீர்கள். மிசோரத்தில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 வாக்கில் இதே பழக்கத்தை ஆரம்பித்தார்கள். இன்று அந்தப் பிடியரிசி கோடிக்கணக்கான ரூபாயாகிச் சபையின் வேலையைத் தாங்குகிறது.

பிராட்டஸ்டன்ட் நண்பர்கள் வீட்டில் வேறு மாதிரி. 1834-ல் அமெரிக்கர்கள் தொடங்கிய மதுரை மிஷன் இந்தப் பக்கமும் வேலை செய்தது. அவர்கள் வழியில் வந்த குடும்பங்களில் விடிகாலையில் வேதப் புத்தகம், ராத்திரி குடும்ப ஜெபம். ஒரு நண்பன் வீட்டில் அப்பா ஜெபத்தை ஆரம்பித்தால் ஊரில் உள்ள நோயாளிகள் எல்லார் பெயரும் வந்து, கடைசியில் மின்சார வாரியத்துக்கும் ஜெபித்து முடிப்பார். அதற்குள் இட்லி ஆறிவிடும்.

சரி, சுவருக்கு வருவோம். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாச்சிக்கு இந்தப் புள்ளி வைக்கிற யோசனை எங்கிருந்து வந்தது?

கல்யாணமான புதிதில் ஒரு தியானத்தில் சாமியார் சொல்லிக் கொடுத்தாராம். அந்தச் சாமியாருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தேடிக்கொண்டு போனேன். போய் நின்ற இடம் ஸ்பெயின்!

இஞ்ஞாசியார் என்று ஒரு போர்வீரர். 1521-ல் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்தது. படுத்த படுக்கையில் மனசு திரும்பியது. பிறகு அவர் ஆரம்பித்ததுதான் சேசு சபை. 1540-ல் போப்பாண்டவர் அனுமதி கொடுத்தார். அவர் எழுதிய ஆன்மிகப் பயிற்சிகள் என்ற சின்னப் புத்தகம் 1548-ல் அச்சானது. அதில் ஒரு பக்கத்தில் வெறும் கோடுகள் இருக்கும். உனக்குள்ள ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள். காலையில் எழுந்ததும் அதை நினை. மதியம் ஒரு தரம், ராத்திரி ஒரு தரம் உட்கார்ந்து மணி மணியாகத் திரும்பிப் பார். எத்தனை தடவை விழுந்தாயோ அத்தனை புள்ளியை அன்றைய கோட்டில் வை. நேற்றோடு இன்றைக்கு ஒப்பிடு, போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிடு. ஆத்தும சோதனை என்று பெயர்.

இந்தச் சபைக்காரர்கள்தான் மதுரைக்கு வந்தார்கள். 1606-ல் வந்த ராபர்ட் தெ நொபிலி, 1693-ல் ஓரியூரில் தலை வெட்டுப்பட்ட அருளானந்தர், நம் வீரமாமுனிவர் எல்லாரும் இந்தப் புள்ளி வைத்த கூட்டம்தான். வீரமாமுனிவர் என்றால் நமக்குப் பரமார்த்த குருவும் சீடர்களும் ஞாபகம் வரும். அதே மனிதர்தான் உபதேசியார்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று 'வேதியர் ஒழுக்கம்' என்ற உரைநடைப் புத்தகத்தையும் எழுதினார். ஊருக்குச் சிரிப்பு, தன் ஆட்களுக்குக் கண்டிப்பு! 1773-ல் போப்பாண்டவரே சபையைக் கலைத்துவிட்டார். பிறகு உயிர்பெற்று, 1830-களின் கடைசியில் மறுபடியும் மதுரை மிஷனுக்கு வந்தார்கள். அப்படி ஸ்பெயினில் புறப்பட்ட புள்ளி, நானூற்றுச் சொச்சம் வருஷம் நடந்து வந்து எங்கள் உப்புச் சாடிக்கு மேலே உட்கார்ந்தது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோபத்துக்குப் புள்ளி வைப்பார்கள், சாப்பாட்டு ஆசைக்கு வைப்பார்கள், ஜெபத்தில் தூங்கினதற்குக்கூட வைப்பார்கள். பெண் பார்க்கும்போது சாதி கேட்டதற்கு யாரும் புள்ளி வைத்து நான் பார்த்ததில்லை. தமிழ்நாட்டில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில்கூடச் சுவர் நின்றது. அந்தச் சுவரில் வைக்கச் சுண்ணாம்பு போதாது. அம்மாச்சியும் இந்த விஷயத்தில் விதிவிலக்கில்லை.

இனி என் கதை.

உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியில் பி.காம். முடித்தேன். டெபிட், கிரெடிட், இரட்டைப் பதிவு எல்லாம் படித்தேன். இரட்டைப் பதிவு முறையை 1494-ல் முதன்முதலாகப் புத்தகத்தில் அச்சிட்டு விளக்கினவரே ஒரு பிரான்சிஸ்கன் துறவி, லூக்கா பசியோலி. கணக்குப் புத்தகத்தைக் கடவுள் பெயரைச் சொல்லி, சிலுவை அடையாளம் போட்டு ஆரம்பிக்கச் சொன்னவர். நம் ஊர்க் கடைகளில் பிள்ளையார் சுழி. எங்கள் ஆட்கள் கடையில் 'சேசு மரி சூசை துணை'. முதல் பக்கம் எல்லா மதத்திலும் சுத்தமாகத்தான் இருக்கிறது.

2009-ல் ஒரு திராட்சைக் கமிஷன் கடையில் கணக்கெழுதச் சேர்ந்தேன். பன்னீர் திராட்சை. 2023-ல் 'கம்பம் பன்னீர் திராட்சை' என்று புவிசார் குறியீடு வாங்கினதே, அதுதான். தமிழ்நாட்டுக்கு அதைக் கொண்டுவந்தவரே ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று சொல்வார்கள். பூசைக்குத் திராட்சை ரசம் வேண்டுமே!

தோட்டத்தில் பழம் வெட்டுவார்கள். மரப்பெட்டியில் அடுக்குவார்கள். தராசில் வைப்பார்கள். எடையை நான் நோட்டில் எழுத வேண்டும். முதல் நாளே முதலாளி தோளில் கை போட்டுச் சொல்லிவிட்டார்: "தம்பி, பொட்டிக்கு அரைக் கிலோ தள்ளி எழுதுங்க. கழிவுன்னு கேட்டாச் சொல்லிக்கலாம். யாரும் கேக்க மாட்டாங்க."

யாரும் கேட்கவில்லை. நான் எழுதினேன்.

முதலாளி கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கல். என் பக்கத்தில் முழங்கால் போட்டு நற்கருணை வாங்குகிறவர். திருநாளுக்கு முதல் நோட்டு அவருடையது. மதிய மணி அடித்தால் எடை போடுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்று செபம் சொல்வார். முடித்துவிட்டு உட்கார்ந்து, "ம்... எழுதுங்க தம்பி, பத்தொன்பதரை" என்பார். தராசில் இருபது நிற்கும்.

2010 தவக்காலம். விபூதிப் புதன் அன்று அம்மாச்சி கேட்டாள்.

"நீ எதுக்குடா புள்ளி வைக்கப் போற?"

"சிகரெட்டுக்கு அம்மாச்சி."

"அது ஒன் நெஞ்சுக்குக் கேடு. வேற யாருக்குக் கேடு பண்ற?"

கிழவிக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்க முடியாது. சும்மாதான் கேட்டாள். ஆனால் அன்று ராத்திரி பாக்கெட் டைரியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு எழுதிய பெட்டி 140. புள்ளி வைக்க ஆரம்பித்தேன். நூறு தாண்டும்போது பக்கம் தீர்ந்துவிட்டது. நூற்று நாற்பது புள்ளி பார்ப்பதற்கு எப்படி இருக்கும் தெரியுமா? திராட்சைக் குலை மாதிரி இருந்தது.

மறுநாளே வேலையை உதறிவிட்டு வந்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எழுதினால் நன்றாகவும் இருக்கும். ஆனால் தங்கச்சிக்குக் கல்யாணம் பேசியிருந்தோம், ஆகஸ்டில் முகூர்த்தம். முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன். "தம்பி, கோயில் வேற, கடை வேற. நான் எழுதலேன்னா அடுத்த கடைக்காரன் ஒரு கிலோ தள்ளுவான். நாம அரைக் கிலோதான்" என்றார். கருணை! நான் இன்னும் ஏழு மாதம் எழுதினேன். டைரியில் புள்ளி வைப்பதைத்தான் நிறுத்தினேன். கல்யாணம் முடிந்து செப்டம்பரில் வேலையை விட்டேன்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். (அதன் ரகசியம் சாமியாரைத்தான் கட்டும், என்னைக் கட்டாது.) ஐம்பத்து மூன்று மணி சொல்லச் சொல்லுவார், முடித்துவிடலாம் என்று போனால், அவர் கேட்ட முதல் கேள்வி: "கணக்கு எவ்வளவு?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ பி.காம். தானே? திருடினதுக்கு ஜெபம் மட்டும் போதாது. ஈடு செய்யணும். உன் பங்குக்கு என்ன வந்ததோ அதை உரியவங்ககிட்ட சேர்த்திரு." சக்கேயு என்று வேதத்தில் ஒரு வரி வசூல்காரர் வருவார். குள்ளமான மனிதர், அத்தி மரத்தில் ஏறினவர். அநியாயமாக வாங்கினதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றவர். "அவர் அளவுக்கு வேண்டாம், ஒரு மடங்கு போதும்" என்றார் சாமியார். நல்ல மனிதர்.

என் பங்கு என்றால் போன கிறிஸ்துமஸுக்கு முதலாளி கொடுத்த போனஸ் 5,000. அதை எடுத்துக்கொண்டு ஒரு சம்சாரி தோட்டத்துக்குப் போனேன். அறுபது வயசு. நெற்றி நிறைய விபூதி. அவர் கணக்கு எனக்கு நன்றாக ஞாபகம்: ஒரே வெட்டில் 200 பெட்டி, பெட்டிக்கு அரைக் கிலோ, ஆக 100 கிலோ, கிலோ இருபது ரூபாய், 2,000. வார்த்தை தடுமாற விஷயத்தைச் சொல்லிப் பணத்தை நீட்டினேன். அடிப்பாரோ என்று ஒரு காலைப் பின்னால் வைத்துத்தான் நின்றேன்.

அவர் சிரித்தார்.

"தெரியுமே தம்பி!"

"தெரியுமா? பின்ன ஏங்கய்யா கேக்கல?"

"கேட்டா அடுத்த வெட்டுக்குப் பழத்தை எவன் எடுப்பான்? அதான் நான் ஒரு வேல பண்ணேன். முந்தின நாள் ராத்திரி பொட்டிய எல்லாம் வாய்க்கால்ல ஊறப் போட்டுருவேன். காலையில பொட்டிக்குக் கால் கிலோ கூட நிக்கும்."

பெட்டியின் எடை எப்போதும் ஒரே எடை என்று நாங்கள் கழித்துக்கொண்டிருந்தோம்! முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் நெல்லுக்கு மட்டும் பாயவில்லை.

பெரியவர் பணத்தை எண்ணினார். ஆயிரத்தை மடியில் வைத்துக்கொண்டு மீதி ஆயிரத்தை என் சட்டைப் பையில் செருகினார். "கால் கிலோ நான் எடுத்தது. கணக்கு நேர்." எந்தக் கோயிலிலும் தியானத்துக்குப் போகாத மனிதர். ராத்திரி எந்தச் சுவரில் புள்ளி வைத்தாரோ!

நான் திரும்பி நடந்தேன். பின்னாலேயே குரல் வந்தது. "தம்பி, அந்த வடக்குத் தோட்டத்துக்காரம்மாவுக்குக் குடுத்தீகளா? அது பொட்டிய நனைக்காது. நான் சொல்லியும் பாத்தேன். மாட்டேனுருச்சு."

அந்த அம்மாவையும் எனக்கு ஞாபகம் இருந்தது. புருஷன் இல்லை. குத்தகைத் தோட்டம். எடை போடும்போது தராசைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். 160 பெட்டி. 80 கிலோ. 1,600 ரூபாய்.

போனேன். பந்தலில் வேறு யாரோ கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். குத்தகை கட்ட முடியாமல் அந்த அம்மா தோட்டத்தை விட்டுவிட்டார், கேரளாவில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார் என்றார்கள். விடிகாலையில் கம்பத்திலிருந்து குமுளி மலை ஏறுமே ஜீப்புகள், ஒரு ஜீப்புக்குள் இத்தனை பேரா என்று நாம் வாய் பிளப்போமே, அதில் ஒன்றில். மூன்று நாள் விடியற்காலை நான்கரை மணிக்குப் போய் நின்று ஜீப் ஜீப்பாகத் தேடினேன். முக்காடு போட்ட தலைகள். டார்ச் அடித்துப் பார்க்கிற ஆளை யாருக்குப் பிடிக்கும்? "யோவ், என்னய்யா பொம்பளைக முகத்துல லைட் அடிக்கிற?" என்று ஒரு டிரைவர் சட்டையைப் பிடித்தார். நாலாவது நாள் போகவில்லை. பிறகு விசாரித்ததில், மேலேயே லயத்தில் குடியேறிவிட்டதாகச் சொன்னார்கள். எந்த எஸ்டேட் என்று யாருக்கும் தெரியவில்லை.

உரியவர் கிடைக்காவிட்டால் ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்றார் சாமியார். 1,600 ரூபாயை வின்சென்ட் தே பவுல் சபை உண்டியலில் போட்டேன். முறைப்படி முடிந்துவிட்டது. ஆனால் எங்கள் கணக்குப் படிப்பில் 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒன்று உண்டு. டெபிட்டும் கிரெடிட்டும் ஒத்துப்போகாதபோது, வித்தியாசத்தைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்பார்கள். எனக்கு அந்த 1,600 இன்னும் அங்கேதான் நிற்கிறது. அரைக் கிலோ அரைக் கிலோவாகத் தள்ளாமல் இருந்திருந்தால் அந்த வருஷம் குத்தகை கட்டியிருப்பாரா? ஆயிரத்து அறுநூறில் குத்தகை தீராது என்று மூளை சொல்கிறது. இது என் ஒரு வெட்டுக் கணக்கு, அவருக்கு எத்தனை கடை, எத்தனை வெட்டு என்றும் அதே மூளைதான் சொல்கிறது. குமுளிப் பக்கம் போனால் இப்போதும் ஏலத்தோட்டத்திலிருந்து இறங்குகிற பெண்களின் முகத்தைப் பார்க்கிறேன். டார்ச் அடிப்பதில்லை.

அம்மாச்சி 2014-ல் போய்ச் சேர்ந்தாள். கடைசி மூன்று மாதம் படுக்கை. பேச்சு குறைந்துவிட்டது. புள்ளியும் குறைந்துவிட்டது. அத்தைதான் எல்லாம் செய்தாள், அள்ளிப் போட்டாள், குளிப்பாட்டினாள். ஒரு நாள் அம்மாச்சி சைகை காட்டிச் சுண்ணாம்பு டப்பாவைக் கேட்டாளாம். "ஏன் அத்தே, இன்னைக்கு ஒண்ணும் வையலியே?" என்று அத்தை கேட்டதற்கு, "மனசுல வஞ்சேன்" என்றாளாம். எதற்கு என்றால், கஞ்சியில் உப்பில்லையாம்!

கருமாதி முடிந்து வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். புள்ளியெல்லாம் போய்விட்டது. அடுப்படியில் கேஸ் வந்து, டைல்ஸ் வந்து, உப்புச் சாடி போய்ப் பாக்கெட் உப்பு வந்தது.

போன ஆகஸ்டில் திருநாளுக்குப் போயிருந்தேன். காப்பி குடிக்க அடுப்படிக்குள் போனால், டைல்ஸுக்கு மேலே, பழைய இடத்தில், வரிசையாகப் புள்ளிகள்! சுண்ணாம்பு இல்லை, மார்க்கர் பேனா. அத்தைக்கு இப்போது மருமகள் வந்தாயிற்று அல்லவா.

"என்னத்தே, பால் கணக்கா?" என்றேன்.

அத்தை முறைத்தாள். அதற்குள் மருமகள் செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டது.

"அண்ணே, நேத்து எட்டு வரணும். அத்த அஞ்சுதான் வச்சிருக்காங்க. நான் தெனம் ராத்திரி போட்டோ எடுத்து வச்சிருக்கேன், பாக்குறீங்களா?"